முதல் நூறு இலவசம்

காலை நாலு நாற்பது.
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
பால்வண்டிக்காரரும் நானும்தான் விழித்திருக்கிறோம்.
தொடை உரசும் இடத்தில் வாஸலின் தடவியாயிற்று.
முதல் முறை அது தெரியாமல் ஓடிவிட்டு
குளிக்கப் போய் நான் போட்ட கத்தலில்
மாடிவீட்டு சகாயமேரி
ஈரக் கையோடு இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

கரண்ட் ரீடிங் எடுப்பவள் நான்.
எதையும் அப்படித்தான் படிக்க வருகிறது.
முதல் நூறு அடி இலவசம்.
பிறகு ஸ்லாப் மாறும்.
ரெண்டாவது கிலோமீட்டரில் இடது முழங்கால்
தன் பெயரைச் சொல்லும்.
நாலில், விலாவுக்குக் கீழே யாரோ
துணிக் கிளிப் மாட்டிவிட்டதுபோல் ஒரு பிடி.
பத்துக்கு மேல் இரட்டைக் கட்டணம்.
தவணை கிடையாது.

இந்தச் சாலையின் நாய்களை
இணைப்பு எண்ணோடு தெரியும் எனக்கு.
பகலில் நடந்துபோனால் வாலாட்டுகிற
அதே செவலை
இருட்டில் ஓடினால் என்னைத் திருடி என்கிறது.
நின்றால் அடங்கிவிடும்.
நின்றால் நானும் அடங்கிவிடுவேனே,
அதுதான் நிற்பதில்லை.

ஐந்தில் டவுன் பஸ் வேகம் குறைத்தது.
படியில் தொங்கிய கண்டக்டர்
"ஏறும்மா, லேடீஸுக்கு டிக்கெட்டே இல்ல,
அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?"
கையை ஆட்டினேன்.
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
பூக்கூடையோடு ஒருத்தி ஜன்னலில் தலை நீட்டி
"வீட்ல சண்டையா கண்ணு?"
பதில் சொல்ல மூச்சில்லை.
அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஏழில் வயிறு.
இதை யாரும் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் சொல்வதில்லை.
மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாட்ச்மேன் முனிரத்தினம்
என்னைக் கண்டதுமே
கழிப்பறைச் சாவியை நீட்டுகிறார்.
ஒரு கேள்வி கிடையாது.
தோலும் கொட்டையும் புளிக்கிற அந்த வாடையில்
உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்:
கருணை என்பதற்கு இதைவிடச் சரியான
வடிவம் இருக்க முடியாது.
துருப்பிடித்த சாவி. தேங்காய் நார்க் கயிறு.

எட்டில் அணை.
கேட்டின் கம்பியைத் தொட்டுத் திரும்ப வேண்டும்.
தொடாவிட்டால் கணக்கில் சேராது.
விதியைப் போட்டவளும் நான்,
மேற்பார்வையும் நான்.

அப்புறம்,
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
எப்போதாவது
தகடு சுற்றாமல் நின்றுபோன பழைய மீட்டர்போல்
ஓர் இடம் வருகிறது.
லோடு இருக்கிறது,
விளக்கெல்லாம் எரிகிறது,
ஃபேன் ஓடுகிறது,
கணக்கு மட்டும் ஏறவில்லை.
கால் யாருடையது என்று தெரியவில்லை.
ஒரு புளியமரம் வந்து போகிறது,
இன்னொன்று வந்து போகிறது.
வேலையில் இதற்குத் திருட்டு என்று எழுத வேண்டும்.
நான் எழுதுவதில்லை.

பதின்மூன்றில் தகடு மறுபடி சுற்றும்.
நிலுவையையும் சேர்த்து வசூலிக்கும்.

திங்கட்கிழமை
ஆபீஸ் படியில் நண்டுபோல் பக்கவாட்டில் இறங்குகிறேன்.
ஏ.இ. கேட்கிறார், வண்டியிலிருந்து விழுந்தாயா என்று.
வலது பெருவிரல் நகம் கறுத்து மூன்று வாரம்.
ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடை வரிசையில்,
வலியே இல்லாமல்
சாக்ஸுக்குள் கழன்று கிடந்தது.
எட்டு இட்லி தின்கிறேன்.
யாரும் எண்ணுவதில்லை, நானும்.
ஓசூரில் நானூற்றுப் பன்னிரண்டு பேரில்
முந்நூற்று எண்பத்தெட்டாவதாக வந்தேன்.
பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகன்
"எல்லாருக்கும் குடுத்தாங்களாம்மா?" என்றான்.
எல்லாருக்கும்தான், என்றேன்.
இருந்தும் அதைத் தன் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறான்,
காம்பஸுக்குப் பக்கத்தில்.

இன்று வீடு வந்தபோது
புருவத்தில் உப்பு கரகரத்தது.
முதல் சொம்புத் தண்ணீருக்கு
வாஸலின் எட்டாத ஓர் அங்குலம் எங்கே என்று
எப்படியோ தெரிந்துவிடுகிறது.
கத்தினேன்.

சகாயமேரி இப்போதெல்லாம் இறங்கி வருவதில்லை.
மேலேயிருந்து கேட்கிறாள்:
"எத்தனை?"
"பதினாறு."